கரியமில வாயுவும் புவி வெப்பநிலையும்: எந்தக் காரணச் சோதனையை எடுப்பது?

இந்தத் தலைப்பில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே அச்சில் வருகிறது. “கிரேஞ்சர் சோதனையில் வெப்பநிலைதான் கரியமில வாயுவுக்குக் காரணம் என்று வருகிறது. டோடா-யமமோட்டோ முறையில் இரண்டு பக்கமும் வருகிறது. கோஇன்டெக்ரேஷன் பார்த்தால் உறவே இல்லை என்கிறது மென்பொருள். வழிகாட்டியிடம் எதைக் காட்டுவது?”

மூன்றும், ஆண்டாண்டாகப் பதிவான தொடர்களில் எது எதை இயக்குகிறது என்று தேடும் புள்ளியியல் சோதனைகள். தரவு ஒன்று, முடிவு மூன்று. மென்பொருளில் கோளாறு இல்லை. சோதனையின் பெயரைவிட, எந்தத் தொடரை எந்த உருவில் அதற்குள் செலுத்துகிறோம் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அதனால் சோதனைகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல்களைப் பார்த்துவிடலாம்.

அதற்கும் முன்னால் ஒன்று. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறதா என்பது இந்தச் சோதனைகளின் முன் நிற்கும் வழக்கே இல்லை. யூனிஸ் ஃபுட் 1856-லும் ஜான் டிண்டால் 1859-லும் ஆய்வகத்தில் பார்த்த விஷயம் அது. அர்ரேனியஸ் 1896-ல் கணக்கே போட்டுவிட்டார். காலத்தொடர் சோதனை கேட்பது வேறு: கடந்த நூற்றைம்பது சொச்ச ஆண்டுகளின் பதிவில் அந்த விளைவின் தடம் தெரிகிறதா, எவ்வளவு பெரிதாக, எவ்வளவு தாமதமாக? சோதனை “இல்லை” என்று சொன்னால் இயற்பியல் கவிழ்ந்துவிடாது. அந்தச் சோதனைக்கு அந்தத் தடம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த மாறி? ஆண்டு உமிழ்வு, காற்றில் உள்ள செறிவு, இதுவரை சேர்ந்த மொத்த உமிழ்வு, கதிர்வீச்சு விசை (பூமியின் வெப்ப வரவில் அந்த வாயு கூட்டும் வாட்) என்று நான்கு உருவங்கள் இருக்கின்றன. நால்வரும் உறவினர்கள், ஆனால் ஒருவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க முடியாது. அணையின் நீர்வரத்தும் நீர்மட்டமும் செய்தித்தாளில் ஒரே பத்தியில் வரும். வரத்து குறைந்த நாளிலும் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும். உமிழ்வு வரத்து, செறிவு மட்டம். 2020-ல் ஊரடங்கால் உலகின் புதைபடிவ எரிபொருள் உமிழ்வு சுமார் 5 சதவீதம் சரிந்தது. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் பதிவான செறிவு அந்த ஆண்டும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. வெப்பநிலை பதில் சொல்வது மட்டத்துக்கு. அதனால் ஆண்டு உமிழ்வை நேரடியாக வெப்பநிலையோடு மோதவிடுவது தொடக்கத்திலேயே தவறான ஜோடி. செறிவைக்கூட அப்படியே போடக்கூடாது. விளைவு செறிவின் மடக்கையைப் பொறுத்தது. செறிவு இரட்டிப்பானால் சதுர மீட்டருக்குச் சுமார் 3.7 வாட் கூடுதல் விசை. என் பரிந்துரை எப்போதும் கதிர்வீச்சு விசைக்குத்தான். அது கிடைக்காவிட்டால் செறிவின் மடக்கை.

போக்கைத் தாங்குமா? இரண்டு தொடர்களும் மேல்நோக்கி ஏறுபவை. ஏறும் இரண்டு தொடர்களை வைத்து எதையும் எதனோடும் சேர்த்துவிடலாம் என்பதை யூல் 1926-லேயே எச்சரித்தார். கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-ல் அதைப் போலி ரெக்ரஷன் என்று கணக்கோடு காட்டினார்கள்.

தாமதத்தைப் பிடிக்குமா? பூமி சேர்த்துக்கொள்ளும் மிகை வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போகிறது. ஒரு பகுதி விளைவு சில ஆண்டுகளில் தெரியும், மீதி பல பத்தாண்டுகள் இழுக்கும். இரண்டு, மூன்று ஆண்டுத் தாமதத்தை மட்டும் பார்க்கும் சோதனை பாதியைக் கோட்டைவிடும்.

மூன்றாம் ஆள். எரிமலை, சூரியன், எல் நினோ (பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாவது), கந்தகத் துகள்கள். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின் உலக சராசரி அரை டிகிரி வரை தணிந்தது. இவற்றை வெளியே நிறுத்திவிட்டு இரண்டு தொடர்களை மட்டும் வைத்துச் செய்யும் எந்தச் சோதனையும் அரைகுறைதான்.

தரவு போதுமா? 1850 முதல் 2024 வரை எண்ணினால் 175 ஆண்டுப் புள்ளிகள். நேரடியாக அளந்த செறிவு 1958 மார்ச்சில்தான் தொடங்குகிறது.

அளவு சொல்லுமா? “காரணம் உண்டு, பி-மதிப்பு 0.03” (உறவே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) என்பதோடு நிற்கும் சோதனைக்கும் “இத்தனை வாட்டுக்கு இத்தனை டிகிரி” என்று சொல்லும் முறைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. இந்த அளவுகோலைத்தான் ஆய்வேடுகளில் எல்லோரும் மறக்கிறார்கள்.

## கிரேஞ்சர் சோதனை

கிளைவ் கிரேஞ்சர் 1969-ல் முன்வைத்தது எளிய யோசனை: ஒரு தொடரின் கடந்த கால மதிப்புகள் இன்னொன்றின் எதிர்காலத்தைக் கணிக்க உதவினால், முதலாவது இரண்டாவதற்குக் ‘காரணம்’. இரண்டாவதன் சொந்தக் கடந்த காலத்தால் கணிக்க முடிந்ததைவிடக் கூடுதலாக உதவ வேண்டும் என்பது நிபந்தனை. இது முன்கணிப்புக்கான வரையறை. அவரே இதன் எல்லையை அறிந்திருந்தார்.

வலிமை, எளிமை. எந்த மென்பொருளிலும் ஒரு வரி போதும். ஒழுங்காகக் கையாண்டால் நல்ல பலன் தரும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. காஃப்மனும் ஸ்டெர்னும் 1997-ல் வட, தென் அரைக்கோள வெப்பநிலைகளை எடுத்துச் சோதித்தார்கள். தெற்கு வடக்கைக் கணித்தது, வடக்கு தெற்கைக் கணிக்கவில்லை. தொழிற்சாலைகள் நிறைந்த வடக்கில் கந்தகத் துகள்கள் வெப்பமேற்றத்தை மறைத்ததும், தெற்கில் பசுங்குடில் வாயுக்களின் தடம் அவ்வளவாக மறையாமல் இருந்ததும் இதற்குக் காரணம் என்று வாதிட்டார்கள். சோதனையைவிட ஜோடியைத் தேர்ந்ததில்தான் அங்கே புத்திசாலித்தனம் இருந்தது.

மறைமுகச் செலவு வேறுபாடு எடுப்பதில் இருக்கிறது. கிரேஞ்சர் சோதனைக்கு நிலைத்த தொடர், அதாவது சராசரியும் ஏற்றத்தாழ்வும் காலத்தோடு மாறாத தொடர், வேண்டும். ஏறும் தொடரை நிலைக்க வைக்க, இந்த ஆண்டு மதிப்பிலிருந்து சென்ற ஆண்டு மதிப்பைக் கழிப்பார்கள். கழித்தவுடன் நூற்றாண்டுப் போக்கு ஒரு மாறிலிக்குள் சுருங்கிவிடும். மிஞ்சுவது ஆண்டுக்கு ஆண்டு வரும் சிறு அலை. அந்த அலை யாருடையது? எல் நினோவுடையது. எல் நினோ ஆண்டில் வெப்பநிலை உயரும், வெப்பமண்டல நிலப்பரப்பு காயும், காடும் மண்ணும் வழக்கத்தைவிடக் குறைவாகக் கரியமில வாயுவை இழுக்கும். சில மாதங்கள் கழித்துச் செறிவின் ஏற்றம் கூடும். ஆக, வேறுபாடு எடுத்த தரவில் வெப்பநிலை முந்துவதும் வாயு பின்தொடர்வதும் உண்மைதான்.

2013-ல் ஹம்லமும் கூட்டாளிகளும், 2020-ல் கோழி முந்தியா முட்டை முந்தியா என்று தலைப்பிலேயே கேட்ட கௌட்சோயானிஸும் குண்ட்செவிச்சும், இந்த அலையைத்தான் பார்த்தார்கள். அலையைப் பற்றி அவர்கள் கண்டதில் பெரிய பிழை இல்லை. அதை நூற்றாண்டு ஏற்றத்துக்கும் நீட்டியதில்தான் சிக்கல். செறிவு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 424 பங்குக்கு வந்த கதை அந்த அலையில் இல்லை, கழித்தலில் போய்விட்டது. மேலும் மனிதர் வெளியிட்டதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் காற்றில் தங்கியிருக்கிறது, மீதியைக் கடலும் காடும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. வாங்கிக்கொண்டிருக்கும் கடலே ஏற்றத்துக்கு ஊற்று என்று சொல்ல, எந்தப் பி-மதிப்பாலும் முடியாது.

எப்போது இதை எடுக்கலாம்? கேள்வியே ஆண்டு அலையைப் பற்றியதாக இருந்தால். எல் நினோ கார்பன் சுழற்சியை எப்படி அசைக்கிறது என்பதற்கு மாதத் தரவில் கிரேஞ்சர் சோதனை சரியான கருவி. நீண்டகால வெப்பமேற்றத்துக்கு இந்தச் சோதனை பொருத்தமா என்று டிரியாக்கா 2005-ல் கேள்வி எழுப்பினார். பின்னாளில் அவரும் அட்டனாசியோவும் பசினியும், பயன்படுத்தாமல் ஒதுக்கிவைத்த ஆண்டுகளைக் கணிக்கச் சொல்லிச் சோதிக்கும் வழிக்குப் போனார்கள். அது நேர்மையான வழி. ஆய்வேடுகளில் அரிதாகவே காண்கிறேன்.

## டோடா-யமமோட்டோ

1995-ல் வந்தது. வேறுபாடு எடுக்காமலே, மாதிரியில் ஒன்றிரண்டு கூடுதல் தாமதங்களை (முந்தைய ஆண்டுகளின் மதிப்புகளை) சேர்த்துவிட்டு, அவற்றை விட்டு மற்றவற்றை மட்டும் சோதிக்கும் தந்திரம். போக்கு தொலையாது. தொடரை நிலைக்க வைக்க எத்தனை முறை கழிக்க வேண்டும் (அலகு மூலங்களின் எண்ணிக்கை) என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லத் தேவையில்லை, மேல்வரம்பு தெரிந்தால் போதும்.

பொருளியல் துறை ஆய்வேடுகளில் இது ஏறக்குறைய கட்டாயச் சடங்காகிவிட்டது. தவறில்லை, ஆனால் மூன்று விஷயங்களை யாரும் சொல்வதில்லை. 175 புள்ளிகளில் ஐந்தாறு மாறிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் கூடுதல் தாமதம் சேர்த்தால் சோதனையின் சக்தி, அதாவது இருக்கும் உறவைக் கண்டுபிடிக்கும் திறன், கரைந்துவிடும். ‘இல்லை’ என்று வந்தால் அது பெரும்பாலும் சக்தியின்மையே. அடுத்தது, தரவில் முறிவு (தொடரின் குணம் திடீரென மாறும் இடம்) இருந்தால் இதுவும் தடுமாறும். மூன்றாவது, விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ மட்டும். டிகிரி எதுவும் கிடைக்காது. முக்கிய முடிவுக்குத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், தனி ஆளாக நிறுத்தாதீர்கள்.

## கோஇன்டெக்ரேஷன்

தனித்தனியே அலைந்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று நிரந்தரமாக விலகாத தொடர்களைத் தேடும் முறை. எங்கிளும் கிரேஞ்சரும் 1987-ல் வகுத்தார்கள், யோஹான்சன் 1988-ல் பல மாறிகளுக்கு விரித்தார். போக்கைத் தூக்கி எறியாமல் போக்கிலேயே உறவைத் தேடுவதால், நம் கேள்விக்கு இயல்பாகவே நெருங்கிய முறை இது.

இங்கே ஒரு சண்டையைச் சொல்லாமல் கடக்க முடியாது. பீன்ஸ்டாக், ரைங்கேவெர்ட்ஸ், பால்டர் மூவரும் 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாயுக்களின் விசையை நிலைக்க வைக்க இரண்டு முறை வேறுபாடு எடுக்க வேண்டியிருக்கிறது, வெப்பநிலைக்கு ஒரு முறை போதும். படி வேறுபட்ட இரண்டும் நிரந்தரமாகச் சேர்ந்து நடக்க முடியாது, எனவே மனிதர் உண்டாக்கிய விசைக்கும் வெப்பமேற்றத்துக்கும் நிரந்தர உறவு இல்லை என்பது வாதம். கணக்கில் படித்தால் கச்சிதமாகத்தான் தெரியும்.

பிரெட்டிஸும் ஹென்றியும் 2013-ல் பதில் சொன்னார்கள். அவர்கள் கணக்கை மட்டும் பார்க்கவில்லை, தரவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்கள். 1958-க்கு முந்தைய செறிவு அண்டார்டிகப் பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகளிலிருந்து எடுத்தது. இடைவெளிகள் வழவழப்பான வளைவால் நிரப்பப்பட்டவை. அதற்குப் பின் வருவது நேரடி அளவீடு. இரண்டு வேறு அளவை முறைகளை ஒட்டித் தைத்த இடத்தில் தொடரின் குணமே மாறுகிறது. ‘இரண்டு முறை வேறுபாடு’ என்று சோதனை சொன்னது இயற்கையின் குணத்தை அன்று, அந்தத் தையலை.

வெப்பநிலைப் பதிவிலும் இப்படி ஒரு தையல் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கடல்நீர் வெப்பத்தை அமெரிக்கக் கப்பல்கள் எஞ்சின் குழாய் நீரிலும், பிரிட்டிஷ் கப்பல்கள் வாளியில் மொண்ட நீரிலும் அளந்தன. 1945-ல் அளக்கும் கப்பல்களின் கலவை சட்டென்று மாறியபோது வெப்பநிலை திடீரெனச் சரிந்ததாகப் பதிவானது. டேவிட் தாம்சன் குழு 2008-ல்தான் இதை வெளிக்கொண்டு வந்தது. இதை அறியாமல் அலகு மூலச் சோதனை செய்பவர் கப்பல்களின் போக்குவரத்தைச் சோதிக்கிறார்.

இத்தனை சொல்லியும் என் ஓட்டு இந்த முறைக்குத்தான். காரணம், பிரெட்டிஸ் 2020-ல் காட்டிய ஒரு பொருத்தம். பூமியின் வெப்ப வரவு-செலவை எழுதும் எளிய சமன்பாடு ஒன்று இருக்கிறது: மேல் அடுக்கு ஒன்று, ஆழ்கடல் ஒன்று, இடையே வெப்பம் கடக்கும். அதை ஆண்டுத் தரவுக்கேற்ப எழுதினால் கிடைப்பது கோஇன்டெக்ரேஷன் மாதிரியே. அதாவது இங்கே வரும் குணகங்களுக்கு இயற்பியல் அர்த்தம் உண்டு. நீண்டகால உறவிலிருந்து வாட்டுக்கு எத்தனை டிகிரி என்று வாசிக்கலாம், சரிசெய்யும் வேகத்திலிருந்து கடலின் மந்தத்தை வாசிக்கலாம். வந்த எண்ணை ஒத்துப்பார்க்கவும் வழி இருக்கிறது. சேர்ந்த உமிழ்வு ஒவ்வொரு லட்சம் கோடி டன்னுக்கும் சுமார் 0.45 டிகிரி உயர்வு என்கிறது ஐபிசிசியின் (ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிஞர் குழு) ஆறாம் அறிக்கை, வரம்பு 0.27 முதல் 0.63. உங்கள் மாதிரியைச் சேர்ந்த உமிழ்வுக்கு மாற்றிப் பார்க்கும்போது அதே லட்சம் கோடி டன்னுக்கு 3 டிகிரி என்று வந்தால் பிழை எங்கே என்று தேடத் தொடங்கலாம். பி-மதிப்பு அப்படி ஒரு பிடிமானத்தைத் தராது.

செலவு: கந்தகத் துகள்களையும் எரிமலையையும் விட்டுவிட்டால் உறவு உடைந்ததுபோல் தெரியும். கரியமில வாயு, வெப்பநிலை என்று இரண்டை மட்டும் வைத்து “கோஇன்டெக்ரேஷன் இல்லை” என்று எழுதுவது இதனால்தான் நிகழ்கிறது. மொத்த விசையைப் போட்டு மறுபடி பாருங்கள்.

## குறுக்கு வரைபட முறை

சுகிஹாராவின் குழு 2012-ல் கொண்டுவந்தது. கிரேஞ்சருக்கு நேர்மாறான யோசனை: காரணம் தன் தடத்தை விளைவுக்குள் விட்டுச் செல்கிறது, எனவே விளைவின் வரலாற்றிலிருந்து காரணத்தை மீட்டெடுக்க முடிகிறதா என்று பார். மீன்வளம் போன்ற, ஒன்றையொன்று பின்னிய அமைப்புகளுக்கு அழகான கருவி.

வான் நெஸ் குழு 2015-ல் இதை அண்டார்டிகாவின் வோஸ்டாக் பனித் தரவில் பயன்படுத்தி, வாயுவும் வெப்பநிலையும் இருவழியாக இயங்குவதைக் காட்டியது. பனியுக சுழற்சிகளில் அதுதான் எதிர்பார்ப்பும்: பூமியின் சுற்றுப்பாதை மாற்றம் தொடங்கி வைக்கும், கடல் வாயுவை விடும், வாயு மேலும் சூடேற்றும். வோஸ்டாக் பதிவு 4,20,000 ஆண்டு நீளம். பல சுழற்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் முறைக்கு வேலை இருக்கிறது.

தொழிற்புரட்சிக்குப் பிந்தைய தரவில் சுழற்சியே இல்லை, ஒரே ஏற்றம். வலுவாகத் தள்ளப்படும் அமைப்பில் விளைவு காரணத்தோடு ஒட்டிக்கொண்டு நகரும். அப்போது இந்த முறை இரண்டு பக்கமும் காரணம் என்று சொல்லிவிடும். 175 ஆண்டுத் தரவுக்கு இதை எடுக்காதீர்கள். நவீனமாகத் தெரிகிறது என்பது காரணமாகாது.

## தகவல் ஓட்ட முறைகள்

ஒரு தொடர் இன்னொன்றின் நிச்சயமின்மையை எவ்வளவு மாற்றுகிறது என்று அளப்பது தகவல் ஓட்டம். லியாங் வகுத்த அந்தக் கணக்கை ஸ்டிப்ஸ் குழு 2016-ல் பயன்படுத்தியது. 1850-க்குப் பின் வாயுவிலிருந்து வெப்பநிலைக்கு ஒருவழி ஓட்டம், பனியுகத் தரவில் எதிர்த்திசை ஓட்டம் என்று வந்தது. சூத்திரம் குறுகியது, கணினிச் சுமை இல்லை, திசையோடு அளவும் தரும். வழக்கமாகப் பயன்படும் கணிப்பு வடிவம் நேர்கோட்டு உறவை அனுமானிக்கிறது, இரு மாறி வடிவம் மூன்றாம் ஆளைக் காணாது. நல்ல இரண்டாவது கருத்து, முதல் கருத்தாக வேண்டாம்.

ஒரு தொடரிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும் தகவலை அளக்கும் ஷ்ரைபரின் ‘டிரான்ஸ்ஃபர் என்ட்ரோபி’ இதன் சித்தப்பா மகன். தரவு இயல்நிலைப் பரவலில் இருந்தால் அது கிரேஞ்சர் சோதனையேதான் என்று பார்னெட், பாரெட், சேத் மூவரும் 2009-ல் நிறுவிவிட்டார்கள். ஆண்டுச் சராசரிகளில் இதற்குத் தனியாக உழைப்பது வீண்.

## கைரேகை முறை

இது காலத்தொடர் சோதனைகளின் குடும்பமே இல்லை, ஆனால் ஐபிசிசி சாய்ந்து நிற்கும் தூண்களில் ஒன்று இதுதான். கிளாஸ் ஹாசல்மன் 1970-களின் இறுதியிலிருந்து வளர்த்தார். 2021 இயற்பியல் நோபலில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஒவ்வொரு காரணிக்கும் இடத்திலும் உயரத்திலும் தனி வடிவம் உண்டு. சூரியன் காரணமாக இருந்தால் மேலே அடுக்கு மண்டலமும் சூடாக வேண்டும். பசுங்குடில் வாயு காரணமானால் கீழே சூடேறும், மேலே குளிரும். அளவீடுகள் இரண்டாவதையே காட்டுகின்றன. எந்தக் காரணிக்கு எத்தனை டிகிரி என்று பிரித்துச் சொல்லும் முறைகளில் முதன்மையானது இது. 2010–2019 காலத்துக்கு மனிதர் பங்கு சுமார் 1.07 டிகிரி என்ற ஐபிசிசி மதிப்பீட்டின் பின்னாலும் இந்த வகை ஆய்வுகள் இருக்கின்றன.

விலை அதிகம். பருவநிலை மாதிரிகளின் பெருந்தரவு வேண்டும், இயற்கையின் தன்னிச்சையான ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்பதையும் அந்த மாதிரிகளிடமே கேட்க வேண்டும். ஒரு முதுகலை மாணவர் ஆறு மாதத்தில் முடிக்கும் வேலையாக எனக்குத் தோன்றவில்லை. வளிமண்டல அறிவியல் துறையின் துணை இருந்தால் வேறு பேச்சு.

## ஒரு பார்வையில்

| முறை | போக்கைத் தாங்குமா | அளவு சொல்லுமா | பெரிய மறைமுகச் செலவு | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| கிரேஞ்சர் | வேறுபாடு எடுத்தால் போக்கு போய்விடும் | இல்லை | எல் நினோ அலையை நூற்றாண்டுப் போக்காக வாசிப்பது | மாதத் தரவு, குறுகிய கால அலை |
| டோடா-யமமோட்டோ | ஆம் | இல்லை | சக்தி இழப்பு | துணைச் சாட்சி |
| கோஇன்டெக்ரேஷன் | ஆம் | ஆம் | தரவுத் தையல்கள், விடுபட்ட துகள்கள் | 1850-க்குப் பிந்தைய ஆண்டுத் தரவு |
| குறுக்கு வரைபடம் | இல்லை | இல்லை | பொய்யான இருவழி | பனி உருளைப் பதிவுகள் |
| தகவல் ஓட்டம் | ஓரளவு | ஓரளவு | மூன்றாம் ஆள் | இரண்டாவது கருத்து |
| கைரேகை | ஆம் | ஆம் | மாதிரிகளைச் சார்ந்திருத்தல், உழைப்பு | காரணிகளைப் பிரித்துச் சொல்ல |

## நாட்டளவுத் தரவு வைத்திருப்பவர்களுக்கு

இந்தியாவின் உமிழ்வு இந்தியாவின் வெப்பநிலைக்குக் காரணமா என்ற தலைப்பில் ஆய்வேடு தொடங்கியிருந்தால், முறையைத் தேர்வதற்கு முன் தலைப்பை மாற்றுங்கள். கரியமில வாயு ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கக் கலந்துவிடுகிறது. சென்னைக்கு மேலே இருக்கும் கூடுதல் வாயுவில் பெரும்பங்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சீனாவிலும் எரிந்தது. அதற்கு மேல், இங்கே நிலக்கரி எரித்தால் வரும் துகள்கள் உள்ளூரில் வெயிலைத் தடுத்து வெப்பமேற்றத்தை மறைக்கவும் செய்கின்றன. உள்நாட்டு உமிழ்வு ஏற ஏற உள்ளூர் வெப்பம் தணிகிறது என்று சோதனை சொன்னால்கூட வியப்பில்லை. அதை அப்படியே எழுதிவிட்டால் தேர்வாளரிடம் மாட்டிக்கொள்வது உறுதி. உலகச் செறிவை ஒரு பக்கமும் இந்திய வெப்பநிலையை மறுபக்கமும் வையுங்கள், துகள்களைக் கட்டுப்பாட்டு மாறியாகச் சேருங்கள்.

## அனுப்புவதற்கு முன் இரண்டு சரிபார்ப்புகள்

எந்த முறையை எடுத்தாலும் தரவை 1958-ல் வெட்டி, பின்பகுதியை மட்டும் தனியாக ஒருமுறை சோதியுங்கள். முடிவின் திசை மாறினால் நீங்கள் கண்டது பனிக்குமிழிக்கும் மௌனா லோவாவுக்கும் இடையிலான தையலாக இருக்கலாம். பின்பகுதியில் புள்ளிகள் குறைவு என்பதால் பி-மதிப்பு ஏறுவது இயல்பு. அதைப் பொருட்படுத்த வேண்டாம், குணகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

மற்றது டேவிட் ஹென்றியிடம் கடன் வாங்கியது. பிரிட்டனின் விலைவாசியை ஆண்டுதோறும் கூட்டிச் சேர்த்த மழையளவு பணப்புழக்கத்தைவிட நன்றாக ‘விளக்குகிறது’ என்று 1980-ல் அவர் காட்டினார். அதேபோல், வெப்பநிலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, ஆனால் கூடிக்கொண்டே போகும் ஒரு தொடரைக் கரியமில வாயுவின் இடத்தில் வைத்து முழுச் சோதனையையும் மறுபடி ஓட்டுங்கள். அந்தத் தொடரும் வெப்பமேற்றத்துக்குக் காரணம் என்று வந்தால், உங்கள் அமைப்பு ஏற்றத்தை மட்டுமே பார்க்கிறது. தாமத எண்ணிக்கையையும் கட்டுப்பாட்டு மாறிகளையும் திருத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இந்தச் சோதனையின் அட்டவணையையும் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.